ஆயிரத்துச் சொச்சம் புல்

செப்டம்பர் 22, திங்கள்

இன்றிலிருந்து டெக்ஸ்ச்சர் நூலகம் என் பொறுப்பு. சென்னியப்பன் சார் எல்லாரையும் கூப்பிட்டு அறிவித்துவிட்டுக் கைதட்டச் சொன்னார். நவீத் மட்டும் தட்டினான். நூலகத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் மற்றவர்கள் ஏன் தட்டவில்லை என்று புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை, "புது வேலைன்னியே கோகிலா, என்ன வேலை?" என்று கேட்டார். "புல்லுக்கு நிறம் பார்க்கிற வேலை" என்றேன். மாமியாரிடம் வேறு எப்படிச் சொல்வது? எங்கள் ஆபீஸ் கோல்ஃப் மைதானங்களைக் கம்ப்யூட்டரில் வடிவமைக்கிறது. நவீத் மேடு பள்ளம் போடுவான். அந்த மொட்டைத் தரையின்மேல் புல், மணல், சரளை என்று போட்டோ பிடித்து வைத்த படங்களைப் படுக்கை விரிப்பு மாதிரி விரிக்க வேண்டும். அந்தப் படங்கள்தான் டெக்ஸ்ச்சர். புல் மட்டுமே ஆயிரத்துச் சொச்சம் இருக்கின்றன. எனக்கு முன்னால் இதைப் பார்த்துக்கொண்டிருந்த மகானுபாவர் வைத்துவிட்டுப் போன பெயர்கள்: புல் புதுசு. புல் புதுசு கடைசி. புல் கடைசிக்கும் கடைசி. புல் சார் கேட்டது. புல் இதுதான்.

எது என்று அவரைக் கேட்கலாம் என்றால் போனை எடுக்கமாட்டேன் என்கிறார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

பெயரை மாற்றக் கூடாதாம். ஒரே ஒரு புல்லுக்கு ஒழுங்கான பெயர் வைத்தேன். நவீத்தின் மைதானத்தில் பாதி பளீரென்று ரோஸ் கலரில் மாறிவிட்டது. சாஃப்ட்வேர் பழைய பெயரையே தேடும். கிடைக்காவிட்டால் ரோஸ் பூசிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளும். ஆகவே படத்தில் என்ன திருத்தம் செய்தாலும் அதே பெயரில், பழையதன் மேலேயே சேமிக்க வேண்டும்.

"அக்கா, ரோஸ் புல்லும் நல்லாத்தான் இருக்கு. மாடு தின்னாது" என்றான் நவீத். இவனோடு காலம் தள்ள வேண்டும்.

செப்டம்பர் 25, வியாழன்

சார் தனியாகக் கூப்பிட்டார். மலேசியாவில், ஜொகூரில் ஒரு ரிசார்ட். மைதானம் இனிமேல்தான் கட்டப்போகிறார்கள். பணம் போடுகிறவர்களுக்கு அக்டோபர் 16ஆம் தேதி பெரிய திரையில் காட்ட வேண்டும். "இத மட்டும் சுத்தமா முடிச்சுக் குடுத்துருங்க அம்மிணி, நூலகம் உங்களுக்கே. இல்லீன்னா பெங்களூர்ல ஒரு பையன் கேட்டுட்டே இருக்கறான். நீங்க பழையபடி முன்னால போய் உக்கோந்துக்கலாம்."

முன்னால் என்றால் ரிசப்ஷன். ஜனவரியில் சேர்ந்ததிலிருந்து அங்கேதான் இருந்தேன். பரிதாபப்பட்டுக் கொடுத்த வேலை என்று கணக்கு பார்க்கும் பிருந்தா யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. வருகிறவர்கள் எல்லாம் தலையைச் சாய்த்து, குரலைத் தாழ்த்தி, "எப்படிம்மா இருக்கே?" என்பார்கள். பின்னறையில் அந்தத் தொல்லை இல்லை. புல் நலம் விசாரிக்காது. நான் அந்த மேஜைக்குத் திரும்பிப் போகமாட்டேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

அரை நாள் லீவு போட்டு கேஸ் ஏஜென்சி. கனெக்‌ஷனை என் பெயருக்கு மாற்ற மூன்றாவது தடவை. ஜெராக்ஸ், ஒரிஜினல், போட்டோ எல்லாம் வாங்கிப் புரட்டிவிட்டு அந்தப் பெண், "யார் பேர்ல இருக்கோ அவரே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்மா" என்றாள்.

"அவர் வந்தா உங்களவிட எனக்குத்தாம்மா சந்தோஷம்" என்றேன்.

அவள் அப்போதுதான் இறப்புச் சான்றிதழைப் பார்த்தாள். அதுவரை என்னத்தைப் புரட்டினாளோ. மத்தியானம் வந்து மணல் படங்களைப் பிரித்தேன். மிக்ஸி மறுபடி ரிப்பேர்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஆயுத பூஜை நாளைக்குத்தான் என்றாலும் ஆபீசில் இன்றே முடித்துவிட்டோம். வாசலில் வாழைக்கன்று, பொரி, பூசணிக்காய் எல்லாம் உண்டு. காலையிலிருந்து துடைத்துத் துடைத்துக் கை வலிக்கிறது. சார் வழக்கம்போல நூலகத்தின் பேக்கப் டிஸ்க்கை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "நம்ம சொத்தே இதுக்குள்ளதான் இருக்குது. வீட்டுல சாமிகிட்ட இருக்கட்டும்." புத்தகத்தை வைப்பது மாதிரி வருடா வருடம் டிஸ்க்கைக் கொண்டுபோய் வைத்துக் கும்பிடுகிறாராம்.

இந்த வருடம் எங்கள் வீட்டில் பண்டிகை கிடையாது. ஆபீஸ் பூஜை வேறு கணக்கு என்று நின்றேன்.

தீபாராதனை முடிந்து சாரின் மனைவி பானு அக்கா தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். பிருந்தாவுக்குக் குங்குமம் கொடுத்தார். மாடி வீட்டுக்காரம்மாவுக்குக் கொடுத்தார். பெருக்க வரும் பெண்ணுக்குக் கொடுத்தார். எனக்குச் சுண்டல் கொடுத்தார்.

சுண்டலில் உப்பு கம்மி.

எல்லார் மானிட்டருக்கும் மேல் சட்டத்தில் சின்னதாகப் பொட்டு வைத்திருந்தார்கள். என்னுடையதற்கு யாரும் இன்னும் வைக்கவில்லை. நானே சந்தனத்தை எடுத்துத் திரையின் நட்ட நடுவில் கண்ணாடியிலேயே வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

இரண்டு நாள் லீவுக்குப் பிறகு ஆபீஸ். மாதத்தின் முதல் வெள்ளி மானிட்டர்களின் நிறத்தைச் சரி பார்க்க வேண்டும். அதற்கென்று ஒரு கருவி. திரையின் நடுவில் ஒட்டினாற்போலத் தொங்கவிட்டால் கீழே மாறும் நிறங்களை அளந்து, மானிட்டரைத் தானே திருத்தும். நாங்கள் அதைப் பல்லி என்போம். முதலில் என் திரைக்கு, பிறகு நவீத்தின் திரைக்கு, பிறகு எங்கள் ஆபீசின் பெரிய திரைக்கு. வெளிச்சம் போதவில்லை என்று என்னமோ எச்சரித்தது. அது எப்போதும் எதையாவது சொல்லிக்கொண்டேதான் இருக்கும். சரி என்று தட்டிவிட்டேன்.

நவீத் என் திரையைப் பார்த்து, "அக்கா, பொட்டு ஈஷிக்கிட்டு நடுவுல சூரியன் மாதிரி இருக்கு. துடைச்சிரட்டுமா?" என்றான்.

"கைய வச்சே, ஒடிச்சிருவேன்."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. திரையில் ஜன்னல்களைச் சுருக்கி ஓரமாக வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறேன். ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

இத்தனை நாள் யாரும் கவனிக்காத ஒன்றை இன்று கண்டுபிடித்தேன். நூலகத்தில் உள்ள அத்தனை புல்லும் நீலம் பாய்ந்து கிடக்கிறது! முதல் வாரம் பெயர்க் குழப்பத்தில் நானும் பார்க்கத் தவறிவிட்டேன். நவீத்தின் திரையில் பார்த்தேன், அங்கேயும் நீலம். பெரிய திரையிலும் நீலம். மகானுபாவருக்குப் பெயர் வைக்கத்தான் தெரியாது என்று நினைத்தேன், கண்ணும் தெரியாது.

கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூரில் சாயப்பட்டறை லேப்பில் நாலு வருடம் துணிக்கும் மாதிரிக்கும் நிறம் ஒப்பிட்டவள் நான். "கோகிலா சரின்னா சரி" என்று மேனேஜர் லாரியை அனுப்பிவிடுவார். ஆயிரத்துச் சொச்சம் புல்லுக்கும் ஒரே மூச்சில் மஞ்சளும் துளி சிவப்பும் ஏற்றி, அதே பெயர்களில், பழையதன்மேல் சேமித்துவிட்டேன். இப்போதுதான் பச்சை பச்சையாக இருக்கிறது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வேலையைச் சரியாகச் செய்த திருப்தி.

அக்டோபர் 8, புதன்

ஜொகூர் மேனேஜர் குணசீலன் முதல் பார்வைக்கு அனுப்பியதைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

"என்னாங்க இது, புல்லு செத்துப் போச்சு? எங்க ஊர்ல தெனமும் மழைங்க. மஞ்சப் புல்லு எங்க இருக்கு? பாக்குறவங்க தண்ணியே இல்லாத எடம்னு நெனச்சிருவாங்க லா."

அவர்கள் புரொஜெக்டரில் கோளாறு என்று சொன்னேன். நிதானமாகத்தான் சொன்னேன். "நிதானமாவா? மாடி வீடு வரைக்கும் கேட்டுச்சு" என்கிறாள் பிருந்தா.

அக்டோபர் 9, வியாழன்

நவீத் தன் போனில் திறந்து காட்டினான். மஞ்சளாகத்தான் தெரிந்தது. போனை நம்பிப் புல் வளர்க்க முடியாது என்றேன். "மூணு மானிட்டரும் ஒரே மாதிரி காட்டுதுல்ல? மூணும் பொய் சொல்லுமா?" என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

கேஸ் தீரப்போகிறது. புக் செய்தால் குறுஞ்செய்தி அவர் நம்பருக்குப் போகிறது. அந்த போன் பீரோவில் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது.

அக்டோபர் 10, வெள்ளி

குணசீலன் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். அவர்கள் சுவரில் எங்கள் மைதானம். அதன் முன்னால் தோட்டத்தில் பறித்த ஒரு கைப்பிடிப் புல்லை நீட்டிப் பிடித்திருக்கிறார். நக்கல்தான், வேறென்ன.

சரி போகட்டும் என்று துளிப் பச்சை கூட்டி அனுப்பினேன். இப்போது எலுமிச்சங்காய் மாதிரி இருக்கிறதாம்.

சார் பேசவில்லை. அவர் திட்டினால்கூடத் தேவலை. பேசாமல் பெங்களூர்ப் பையனின் நம்பரைப் பிருந்தாவிடம் கேட்டு வாங்கினார். நான் இருக்கும்போதே, என் காதுபட.

அக்டோபர் 11, சனி

லீவு. நாள் முழுக்க எரிச்சல். மிக்ஸிக்காரன் கடையைச் சாத்திவிட்டு ஊருக்குப் போய்விட்டான். அத்தை, "யார்மேல கோவம்?" என்று கேட்டார். "புல்மேல" என்றேன். நம்பவில்லை.

என் கண் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. இங்கே எழுதி வைப்பதில் தப்பில்லை. மற்றதெல்லாம் போனபோதுகூட, கண் இருக்கிறது, எங்கேயாவது பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

சார் நேற்றே ஜொகூர் போய்விட்டார். காலையில் அங்கிருந்து கூப்பிட்டார். "அம்மிணி, சுவத்துல நானே பாத்துட்டேன். வெயில்ல காஞ்ச கரட்டுக்காடாட்ட இருக்குது. பழைய புல்லு எல்லாம் அந்த டிஸ்க்குல இருக்குதில்ல? அதையே திரும்பப் போட்டு அனுப்புங்க. மத்தத வந்து பேசிக்கலாம்."

"டிஸ்க் எங்க சார்?"

"சாமி ரூம்லயே மறந்துட்டனுங்க. பானுகிட்டச் சொல்றேன், போய் வாங்கிக்கோங்க."

வடவள்ளியில் இருக்கும் சார் வீட்டுக்கு இரண்டு பஸ். போகிற வழியெல்லாம் எரிச்சல்தான். ஒரு கம்பெனியின் மொத்தச் சொத்தையும் கற்பூரத்துக்குப் பக்கத்தில் வைக்கிற முதலாளியை என்னவென்று சொல்வது?

பானு அக்கா கதவைத் திறந்தார். இரண்டு கையிலும் முறுக்கு மாவு.

"உள்ள வா கண்ணு. கையெல்லாம் மாவு. டிஸ்க்கு சாமி ரூம்ல ரெண்டாவது தட்டுல இருக்குது, நீயே போய் எடுத்துக்க."

நான் ஹாலிலேயே நின்றேன். "நீங்களே எடுத்துத் தந்துடுங்கக்கா. கை கழுவிட்டு வாங்க, நிக்கிறேன்."

"ஏங் கண்ணு?"

"நான் போகலாமா வேண்டாமான்னு தெரியலை."

இதைச் சொல்ல வேண்டும் என்று நான் வரவில்லை. வாய் தவறி வந்துவிட்டது. பானு அக்கா என் முகத்தையே பார்த்தார். பிறகு மாவுக் கையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கு மனசுல வச்சுட்டியா? உன்ற கிட்டத் தட்ட நீட்டலாமா வேண்டாமான்னு எனக்கே தெரியல கண்ணு. நீட்டுனா அத்தன பேர் முன்னாடி அழுதுருவியோன்னு பயமாப் போச்சு. அதுக்குள்ள கால் உன்னத் தாண்டிப் போயிருச்சு."

"கேட்டிருக்கலாமேக்கா."

"கேட்டிருந்தா வாங்கியிருப்பியா?"

"தெரியலை. வேண்டாம்னுகூடச் சொல்லியிருப்பேன். ஆனா நீங்க கேட்டிருக்கலாம்."

அழுதேன். முறுக்கு மாவு வாசனையில், கையில் டிபன் பையைப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே நன்றாக அழுதேன். பானு அக்கா தொட வந்து, கை மாவாக இருப்பதால் முழங்கையால் என் தோளை இடித்துக்கொண்டே இருந்தார். "போ கண்ணு, போய் எடுத்துக்க. அது உன்ற புல்லுதான" என்றார்.

போய் எடுத்தேன். டிஸ்க்கின் தலையில் ஒரு பெரிய பொட்டு, சுற்றிக் காய்ந்த பூச்சரம். வேலைக்கு உதவுகிறதோ இல்லையோ, மரியாதைக்குக் குறைச்சல் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் குணசீலனிடமிருந்து மறுபடி ஒரு படம். திறந்தேன். டிஸ்க்கை எடுத்த விரலில் ஒட்டியிருந்த குங்குமம் போன் திரையில் ஈஷிவிட்டது. படத்தில் ஓர் இடத்தில் மட்டும் புல் செம்மஞ்சளாகத் தெரிந்தது. விரலைப் பார்த்தேன். திரையைப் பார்த்தேன். துடைத்தேன். புல் மாறிவிட்டது.

லாலி ரோட்டில் இறங்கி பஸ் மாற வேண்டியவள் அதே யோசனையில் காந்திபுரம் வரை போய்விட்டேன்.

ஆபீசுக்குள் நுழைந்ததும் நேராகப் பல்லியை அதன் பையிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வயிற்றுக் கண்ணாடி முழுக்கச் சந்தனமும் குங்குமமும் அப்பிக் காய்ந்து கிடந்தது. அந்தக் கண்ணோடுதான் அது மூன்று மானிட்டர்களையும் அளந்திருக்கிறது. பொட்டின் மஞ்சளையும் சிவப்பையும் திரையின் கோளாறு என்று நினைத்து, மூன்றுக்கும் நீலத்தை ஏற்றிவிட்டது. நீலத்தைப் புல்லின் கோளாறு என்று நினைத்து, ஆயிரத்துச் சொச்சம் புல்லுக்கும் நான் மஞ்சளை ஏற்றிவிட்டேன். மகானுபாவரின் புல்லில் ஒரு குறையும் இல்லை. குணசீலனின் சுவரில் ஒரு குறையும் இல்லை.

நவீத்திடம் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் பல்லியைப் பார்த்தான், என் திரையின் நடுவைப் பார்த்தான், பிறகு மெதுவாக, "நீங்க அத ஏன் துடைக்க விடலைன்னு எனக்குத் தெரியும்க்கா. அன்னிக்கு நானும் அங்கதான நின்னேன்" என்றான்.

இவனோடு காலம் தள்ளலாம்.

அக்டோபர் 15, புதன்

காலையில் முதல் வேலையாகப் பல்லியைக் கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்தேன். பிறகு என் மானிட்டர்.

துணியை நனைத்து எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். மறுபடி உட்கார்ந்தேன்.

"நான் வேணா துடைக்கட்டுமாக்கா?"

"வேண்டாம் நவீத். நான் வச்சது."

போன டிசம்பரில் என் நெற்றிப் பொட்டை நான் எடுக்கவில்லை. யார் யாரோ சேர்ந்து எடுத்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

இதை நானே துடைத்தேன். காய்ந்து போயிருந்ததால் கொஞ்சம் அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது.

பிறகு மூன்று திரைகளையும் மறுபடி அளந்தேன். இந்தத் தடவை பல்லி ஒன்றும் எச்சரிக்கவில்லை. நான் மஞ்சள் ஏற்றிய புல்லைத் திறந்து பார்த்தேன். ஐயோ, கரட்டுக்காடேதான்! குணசீலன் இவ்வளவு பொறுமையாகப் பேசியதே பெரிது. டிஸ்க்கிலிருந்து பழைய புல் அத்தனையையும் அதே பெயர்களின்மேல் கொண்டுவந்து போட்டேன். ஓர் இடத்தில்கூட ரோஸ் இல்லை. சாயங்காலத்துக்குள் ஜொகூருக்குப் போய்விட்டது. என்ன நடந்தது என்று சாருக்கும் மறைக்காமல் எழுதிவிட்டேன். நூலகத்தை யாரிடம் கொடுப்பதென்று அவர் முடிவு செய்யட்டும். கண் என்னிடம்தான் இருக்கிறது.

அக்டோபர் 16, வியாழன்

மத்தியானம் குணசீலன் கூப்பிட்டார். "இதாங்க எங்க ஊரு பச்சை! பாத்தவங்க எல்லாம் ஹேப்பி லா. ஆனா மணலு ரொம்ப வெள்ளையா இருக்கே? உப்பு கொட்டுன மாதிரி இருக்குங்க."

மணலில் ஒரு குறையும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "பாத்துட்டுச் சொல்றேங்க" என்றேன்.

பின்னாலேயே சார். "அம்மிணி, நீங்க எழுதுனதப் படிச்சனுங்க. ரெண்டு தடவ படிச்சேன். அடுத்த வருசம் பொட்டு சி.பி.யூ.வுக்கு மட்டும் போதும்" என்றார். கொஞ்சம் இருமிவிட்டு, "பேக்கப் டிஸ்க்கு இன்னொண்ணு வாங்கிக்கோங்க. அத நீங்களே வச்சுக்கோங்க. நூலகம் உங்ககிட்டதான இருக்கப்போகுது" என்றார்.

பெங்களூர்ப் பையனைப் பற்றி நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

கேஸ் கனெக்‌ஷன் என் பெயருக்கு வந்துவிட்டது. பெயரில் ஒரு எழுத்து தப்பு. மறுபடி போக வேண்டும்.

தீபாவளிக்கு முன் கடைசி வேலை நாள். பானு அக்கா முறுக்கு டப்பாக்களோடு வந்தார். பிருந்தாவுக்குக் கொடுத்தார், நவீத்துக்குக் கொடுத்தார். பின்னறைக்கு வந்து எனக்கும் ஒன்று கொடுத்தார். போகாமல் நின்றார். பிறகு இடுப்பில் செருகியிருந்த சின்னக் குங்குமச் சிமிழை எடுத்து, மூடியைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"கோகிலா, வேணுமா?"

மணல் படங்கள் திரையில் திறந்து கிடந்தன. உண்மையில் கொஞ்சம் வெள்ளைதான். நான் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். பானு அக்கா அவசரப்படுத்தவில்லை. நவீத் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அதன் வயர் எதிலும் செருகியிருக்கவில்லை.

"ரெண்டு சிட்டிகை எடுத்துக்கறேன்க்கா" என்றேன்.

ஒன்றை மானிட்டரின் பின்பக்கம், கண்ணாடியில் படாமல், சட்டத்தின் ஓரத்தில் வைத்தேன். இன்னொன்றை எங்கே வைத்தேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். வீட்டில் அத்தையும் பார்த்தார். பார்த்துவிட்டு, முறுக்கில் உப்பு சரியாக இருக்கிறது என்றார்.